கேம்பர் வேனின் இரண்டாம் பேட்டரி நிறையவில்லை: ரிலே, டி.சி.–டி.சி., சோலார், கரண்ட் சார்ஜர், எதற்குக் காசு போடலாம்?

மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு அக்கா. அவரும் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய டொயோட்டா குவாண்டம் வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து கேம்பராக மாற்றிக்கொண்டார்கள். எஞ்சினைக் கிளப்பும் முன் பேட்டரி தவிர, ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் என்று பின்னால் இருக்கும் டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமாகக் காலி செய்து நிறைக்க ஏற்ற வகை) ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லையாம். ஒரு கடையில், வண்டி ஓடும்போது பின் பேட்டரியை நிறைக்கும் டி.சி.–டி.சி. சார்ஜர் போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் சோலாரே போதும் என்கிறார்கள், மகன் லித்தியம் வாங்கச் சொல்கிறான், "நீ என்ன சொல்றே தம்பி?" என்றார்.

அவருக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் தப்பான பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு, அப்புறம் வேனையே விற்றுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு மனம் வெறுத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## முதலில் மீட்டரை எடுங்கள்

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா, இல்லை ஏறியது நிற்கவில்லையா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

என் வேனில் நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி முடிந்த முதல் வாரக்கடைசி, விரதம் முடிந்த சந்தோஷத்தில் ஃப்ரிட்ஜ் நிறைய மட்டனை அடைத்துக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்குப் போனோம். டர்பனிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம், அதில் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜில் சிவப்பு விளக்கு, கறிப் பொட்டலங்களுக்கு அடியில் தண்ணீர், பேட்டரி 11.6 வோல்ட். ஊருக்குத் திரும்பி புது பேட்டரி போட்டேன். அடுத்த பயணத்தில் அதே கதை. அப்புறம்தான் இசிபிங்கோவில் இருக்கும் எங்கள் மாமா, நாற்பது வருஷம் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்த்தவர், மீட்டரோடு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு முன் பேட்டரியில் வைத்தார், 14.2. பின் பேட்டரியில் வைத்தார், 13.3. கம்பியைத் தடவிக்கொண்டே போய் ஃபியூஸ் பெட்டியில் விரலை வைத்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டார், அவ்வளவு சூடு. கம்பியின் முனையில் மாட்டியிருந்த லக்கைப் பிரித்தால் செம்பு முழுக்கப் பச்சைப் பூத்துக் கிடந்தது. கடற்கரைக் காற்று இரண்டே வருஷத்தில் செய்த வேலை.

"பேட்டரியைக் குத்தம் சொல்லாதே மாப்பிள்ளை, அதுக்குச் சோறு போற வழியைப் பாரு" என்றார்.

அந்த வழியைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். என் வேனில் ஓடியது 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, போக 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர். அதில் 20 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பச்சை பூத்த இணைப்பில் இன்னும் 0.2 போனது. ஈயப் பேட்டரி ஒழுங்காக நிறைய 14.4 வோல்ட் அளவு வேண்டும், அதற்குக் கிடைத்ததோ 13.3. மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும் என்பதால் நாள் முழுக்க ஓட்டியிருந்தால் எப்படியோ நிறைந்திருக்கும், மூன்று மணி நேரத்தில் நிறையாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய அளவைகள் இவைதான்:

- எல்லாவற்றையும் அணைத்து, சார்ஜ் எதுவும் ஏறாமல், சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஈயம் அல்லது ஏ.ஜி.எம். (அமிலம் சிந்தாத, மூடிய ஈய வகை) பேட்டரி என்றால் 12.7–12.8 நிறைவு, 12.2 சுமார் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.
- எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு முன் பேட்டரியிலும் பின் பேட்டரியிலும் பாருங்கள். பின்னால், எஞ்சினை ஓடவிடுவதற்கு முன்பு இருந்த அதே எண் நிற்கிறதென்றால் இணைப்பே இல்லை: ஃபியூஸ், ரிலே (இரண்டு பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் பெட்டி), எர்த் (நெகட்டிவை வண்டித் தகரத்தோடு சேர்க்கும் இணைப்பு), இந்த மூன்றில் ஒன்று. எண் ஏறியும் முன்னதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவு என்றால் கம்பி மெல்லியது அல்லது முனை கெட்டது.
- மீட்டரின் ஒரு முனையைப் பின் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை முன் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதை யாரும் பார்ப்பதில்லை, பாதி வண்டிகளில் கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கும் என்பது மாமாவின் பேச்சு.

இரண்டு முனையிலும் 14-க்கு மேல் வந்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டும், மறுநாள் ஒரு சின்ன ஃப்ரிட்ஜுக்கே படுத்துவிட்டால், அப்போது பேட்டரி போய்விட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்லாதீர்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள். கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ் வெயில் காலத்தில் 24 மணி நேரத்துக்கு 35 முதல் 40 ஆம்பியர்-மணி குடிக்கும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). சின்ன ஃபேன் ராத்திரி முழுக்க ஓடினால் 8, விளக்கு 4, இரண்டு ஃபோன் 5. ஆக 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரியில் அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. கணக்கு இங்கேயே இடிக்கிறது, பார்த்தீர்களா?

இரண்டாவது, நீங்கள் ஓடுகிற ஆளா, உட்காருகிற ஆளா. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று தினம் மூன்று நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கும், ஸ்காட்பரோவில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாரம் அசையாதவருக்கும் ஒரே பதில் கிடையாது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், கடைக்காரர் கேட்காத கேள்வியும் இதுதான்.

மற்றவை சின்னவை. போகிற இடத்தில் கரண்ட் உண்டா, பேட்டரி ஈயமா லித்தியமா, உங்கள் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் பொறி) பழைய வகையா, வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும் புதிய ஸ்மார்ட் வகையா. கடைசியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே முன் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 14 பக்கமே நின்றால் பழைய வகை. 12.5, 13 என்று இறங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் சட்டென்று ஏறினால் ஸ்மார்ட்.

## ரிலேயும் தடித்த கம்பியும்

எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடுகிற பெட்டி. வோல்ட்டைப் பார்த்து வேலை செய்யும் வகைகள் பெரும்பாலும் 13.3 பக்கம் சேர்த்து, 12.8 பக்கம் பிரிக்கும். விலை குறைவு, கெட்டுப்போக உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை, மாற்றவும் எளிது.

மறைந்திருக்கிற செலவு கம்பியில் இருக்கிறது. அதே 6 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மி.மீ. போட்டால் 20 ஆம்பியரில் இழப்பு 0.26 வோல்ட்டாக இறங்கும், 25 போட்டால் 0.17. அந்தத் தடிமனில் செம்புக் கம்பி, சரியான லக், இரண்டு முனையிலும் ஃபியூஸ் என்று வாங்கினால் ரிலேயைவிட அதிகம் ஆகும், ஆனால் அது வீண் போகாது, பின்னாளில் டி.சி.–டி.சி.க்கு மாறினாலும் அதே கம்பிதான். இரண்டு முனையிலும் ஃபியூஸ் என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கம்பியின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது, நடுவில் தகரத்தில் உரசினால் இரண்டு பக்கமும் பாயும், நீங்கள் அதன் மேலேதான் படுத்துத் தூங்குகிறீர்கள்.

பழைய ஆல்டர்னேட்டர், ஈயப் பேட்டரி, தினம் ஓட்டம் என்றால் இதுவே போதும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டருக்கு இது ஆகாது, வோல்ட் இறங்கும்போதெல்லாம் ரிலே பிரிந்துவிடும். லித்தியத்துக்கும் வேண்டாம், அது கேட்டால் கேட்ட அளவு இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகவும் கூடும்.

## டி.சி.–டி.சி. சார்ஜர்

முன்னால் 12.5 வந்தாலும் 14.2 வந்தாலும் கவலைப்படாமல், பின் பேட்டரிக்கு என்ன வேண்டுமோ அதை உயர்த்திக் கொடுக்கும் பெட்டி. எத்தனை ஆம்பியர் என்பதும் அதன் கட்டுப்பாட்டில் இருப்பதால் லித்தியத்துக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டருக்கும் இதுதான் சரியான வழி. 25 ஆம்பியர் வகை மூன்று மணி நேர ஓட்டத்தில் அதிகபட்சம் 75 ஆம்பியர்-மணி கொடுக்கும். லித்தியம் கடைசிவரை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும், ஈயம் எண்பது சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் வாங்கும், அதற்கு எந்தச் சார்ஜராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல பொருள்தான், என் வேனில் இப்போது இருப்பதும் இதுவே. ஆனால் இதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை பரவியிருக்கிறது, வோல்ட்டை அதுவே உயர்த்திக்கொள்ளும், ஆகவே பழைய கம்பியே போதும் என்று. 25 ஆம்பியர் வெளியே கொடுக்க அது முன் பக்கத்திலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 6 மி.மீ. கம்பியில் அப்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு, கம்பி சூடு, அந்தப் பச்சை பூத்த லக் இன்னும் சூடு. அதாவது பழைய கோளாறு சரியாகாமல் மறைந்துபோகும், கொஞ்ச நாளில் உருகிப்போய் வெளியே வரும். ஒருவர் வண்டியில் ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் மெழுகுபோல் வழிந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன், மாட்டிக்கொடுத்தவர் பழைய கம்பியைத் தொடவே இல்லை.

மாட்டும் இடமும் முக்கியம். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் 25 எதிர்பார்த்த இடத்தில் 12 வருகிறதே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பின் பேட்டரிக்குப் பக்கத்தில், காற்று போகும்படி வையுங்கள். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் இக்னிஷனிலிருந்து ஒரு சமிக்ஞைக் கம்பி இழுக்க வேண்டும், சார்ஜரே வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். மூன்றாவதாகச் சார்ஜரின் உள்ளே பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார்களா என்பது, பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உட்காருகிற ஆளுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் செய்யலாமே என்பார்கள். டீசல் போகும், பக்கத்துக் கூடாரக்காரருக்குத் தூக்கம் போகும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைவு.

## சோலார்

நாம் இருப்பது பூமியின் தென்பாதி, இங்கே வெயில் வடக்கிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்துப் பேனலைத் தெற்கே சாய்த்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். டர்பனில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் சுமார் 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கவைத்த பேனலுக்கு நேர் வெயிலில் 60 சதவீதம்தான் கிடைக்கும். வடக்கே நன்றாகச் சாய்த்துவைத்தால் மிச்சத்தையும் வாங்கலாம். இதில் ஒரு நல்ல விஷயம், டிராக்கன்ஸ்பெர்க்கில் குளிர்காலம் வறண்ட காலம், வானம் நாள் முழுக்கத் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். கோடையில் சூரியன் உச்சியில் நிற்கும், ஆனால் மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இடிக்கும். ஆகவே ஜனவரியில் காலை வெயிலைத்தான் நம்ப வேண்டும். என் கூரையில் இருக்கும் 200 வாட் பேனல் ஜூலையில் நல்ல நாளில் 35-லிருந்து 40 ஆம்பியர்-மணி கொடுத்தது. ஃப்ரிட்ஜுக்குச் சரியாகப் போனது, ஃபேன் தேவைப்படாத காலம் என்பதால் சமாளித்தோம்.

சோலாருக்கு நிழல்தான் எதிரி, மனிதருக்கோ நிழல்தான் வேண்டும். தென் கடற்கரையிலும் செயின்ட் லூசியாவிலும் க்ரூகரிலும் நல்ல இடம் என்று எல்லோரும் போட்டி போட்டுப் பிடிப்பது மரத்தடியைத்தான். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே வரவு பாதிக்கு மேல் படுத்துவிடும். அதனால் வண்டியை நிழலில் விட்டு, நீளக் கம்பியோடு மடக்குப் பேனலை வெயிலில் வைப்பவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். ஆனால் அதை மணிக்கொரு தடவை நகர்த்த வேண்டும், வெளியே போகும்போது சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், குரங்குகள் கம்பியைப் பிடித்து இழுக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மலிவான பி.டபிள்யூ.எம். வகை கால் பங்கு வரை வீணாக்கும். கூரைப் பேனலுக்கு, பேனலின் முழுத் திறனையும் தேடி எடுக்கும் எம்.பி.பி.டி. வகையே வாங்குங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், கழற்றும்போது நேர்மாறு. சோலார் திடீரென்று குறைந்துவிட்டது என்றால் பேனலைத் துடையுங்கள், உப்பும் தூசியும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தோல் மாதிரி படிந்திருக்கும். அதற்கு மேல் கூரையில் பேனல் கம்பிகளைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்புகளைப் பிரித்துப் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள்.

## கரண்ட் சார்ஜர்

ரொம்பப் பேர் மதிக்காத வழி, ஆனால் கேரவன் பார்க்குகளிலேயே தங்குகிறவருக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது. 230 வோல்ட், நீல நிற மூன்று முனைப் பிளக், பல கட்டமாகச் சார்ஜ் செய்யும் 15 அல்லது 20 ஆம்பியர் சார்ஜர். சாயங்காலம் போட்டால் காலையில் நிறைவு, மழை பெய்தாலும்.

இன்னொரு பயன் வீட்டில். மாதக்கணக்கில் வாசலில் நிற்கிற வண்டியின் பேட்டரி பாதி நிறைவிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்படும், அப்புறம் எந்தச் சார்ஜரும் அதை மீட்காது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி முழுக்கப் போட்டு நிறைத்துக்கொண்டு போவதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், கரண்ட் உள்ள இடத்துக்கு வாடகை கூடுதல், தடித்த நீட்டிப்புக் கம்பி தனியாக வாங்க வேண்டும், அதைச் சுருட்டிய படியே பயன்படுத்தினால் சூடாகும். பிளக்கில் பனி இறங்கினால் எர்த் லீக்கேஜ் (கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்துவிடும், ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறியது என்று நினைத்து எழுந்தால் ஒன்றுமே ஏறியிருக்காது. 2022, 2023 காலத்தில் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) தினம் பல மணி நேரம் இருந்தபோது இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம், சில சார்ஜர்கள் கரண்ட் திரும்பி வந்தால் தானாகத் தொடங்காது, பொத்தானை அமுக்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே பிடுங்கி மாட்டிப் பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரிலே + தடித்த கம்பி | டி.சி.–டி.சி. | சோலார் 200 வாட் | கரண்ட் சார்ஜர் |
|---|---|---|---|---|
| யாருக்கு | தினம் ஓடுபவர், பழைய ஆல்டர்னேட்டர் | தினம் ஓடுபவர், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் அல்லது லித்தியம் | கரண்ட் இல்லாத இடத்தில் உட்காருபவர் | பார்க்கில் தங்குபவர் |
| மறைந்த செலவு | செம்புக் கம்பி, லக், ஃபியூஸ் | அதே கம்பி, சமிக்ஞைக் கம்பி, காற்றோட்டம் | எம்.பி.பி.டி., கூரை ஓட்டை, பூட்டு | வாடகை, நீட்டிப்புக் கம்பி |
| எங்கே கைவிடும் | குறுகிய ஓட்டம் | வண்டி நிற்கும்போது | மரத்தடி, மேகம் | காட்டுக்குள், கரண்ட் போனால் |
| லித்தியத்துக்கு | வேண்டாம் | சரி | அமைப்பு மாற்றினால் சரி | லித்தியம் வகை சார்ஜர் என்றால் சரி |

## லித்தியம் வாங்கினால் தீருமா

மகன் சொன்னதில் தப்பில்லை. லோட் ஷெட்டிங் வந்தபிறகு இந்த ஊரில் வீட்டுக்கு வீடு லித்தியம் பேட்டரி வந்துவிட்டது, பழகிய பொருள்தான். 100 ஆம்பியர்-மணியில் 80, 90 வரை எடுக்கலாம், ஏ.ஜி.எம். கிட்டத்தட்ட 30 கிலோ என்றால் இது அதில் பாதிக்கும் குறைவு, ஆயிரக்கணக்கான தடவை நிறைத்துக் காலி செய்யலாம். ஆனால் சோறு போகிற வழி அடைத்திருந்தால் லித்தியமும் பட்டினிதான் கிடக்கும். வழியைச் சரிசெய்தபிறகு வாங்குங்கள். மலையில் ஜூலை காலையில் உறைபனி இருக்கும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால் பதற வேண்டாம், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்தி வைத்திருக்கும். வெயில் ஏறினால் தானே திறந்துகொள்ளும். வோல்ட்டைப் பார்த்து நிறைவைக் கணிக்கவும் முடியாது, ரொம்ப நேரத்துக்கு 13.2 பக்கமே நிற்கும், ஆம்பியர் எண்ணும் மீட்டர் தனியாக வேண்டும்.

## அந்த அக்காவுக்கு என்ன சொன்னேன்

அவர்கள் மாதம் ஒரு தடவை தென் கடற்கரையில் ஒரு கேரவன் பார்க்குக்குப் போகிறார்கள், ஒரு மணி நேர ஓட்டம், மூன்று நாள் அசையாமல் இருப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மலை. பேட்டரி ஏ.ஜி.எம்., ஆல்டர்னேட்டர் பழைய வகை. எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.1, பின்னால் 12.4, அதாவது ஒன்றுமே போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எர்த் கம்பி பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் அளவுக்குத் தேய்த்து, கிரீஸ் தடவி மறுபடி முடுக்கினோம். பின்னால் 13.8 வந்தது.

டி.சி.–டி.சி. வேண்டாம் அக்கா, ஒரு மணி நேர ஓட்டத்தில் அது கொடுக்கிற 25 ஆம்பியர்-மணிக்கு அந்தக் காசு அதிகம் என்றேன். ஒரு நல்ல கரண்ட் சார்ஜர் வாங்கி வேனுக்குள்ளேயே நிரந்தரமாக மாட்டச் சொன்னேன், வீட்டிலும் பார்க்கிலும் அதுவே போதும். மலைக்குப் போகிற இரண்டு தடவைக்கும் மடக்குப் பேனல் ஒன்றை முதல் தடவை என்னிடம் வாங்கிப் போகச் சொல்லியிருக்கிறேன். பிடித்திருந்தால் அப்புறம் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஏ.ஜி.எம். பேட்டரியை ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, மறுநாள் முழுக்கச் சும்மா விட்டு அளந்தோம். 12.7 காட்டியது. மகன் லித்தியத்துக்கு எடுத்துவைத்த பணம் இப்போதைக்கு அவனிடமே இருக்கிறது.